சிறிய ஸ்டூடியோவில் உயர்தர ஃபிரேம் வேலை: வேலூர்ப் பக்கத்தில் தொடங்குகிறவர்களுக்கு

சத்துவாச்சாரியிலோ காட்பாடி காந்தி நகரிலோ குடியாத்தத்திலோ சிறிய ஸ்டூடியோ நடத்துகிறவர்களில் பலர் ஃபிரேம் வேலையை ஏற்கெனவே தொட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். வாடிக்கையாளர் படத்தைக் கொடுத்ததும் அளவைக் குறித்து பஜாரில் ஒரு கடைக்கு அனுப்புகிறோம். இரண்டு நாளில் தங்க நிறச் சட்டத்தோடு வந்துவிடுகிறது. நூறோ இருநூறோ கையில் நிற்கிறது. இந்தக் கட்டுரை அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றியது. படத்தைத் தொடும் ஒவ்வொரு தாளையும் அட்டையையும் தெரிந்து தேர்ந்து, பேரப்பிள்ளைகள் காலத்திலும் கெடாமல் இருக்கும்படி நம் கடையிலேயே பூட்டிக் கொடுக்கும் வேலை இது. இதற்கு வாடிக்கையாளர் கூடுதல் விலை கொடுப்பார்.

உயர்தரம் என்றதும் புதியவர்களின் மனம் அகலமான சட்டத்துக்கும் பூவேலைப்பாட்டுக்கும் ஓடுகிறது. என் கணிப்பில் உயர்தரத்தில் முக்கால் பங்கு கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. மீதிக் கால் பங்கு நான்கு மூலைகளில் இருக்கிறது. வேலைப்பாடு அதற்கப்புறம்தான். இந்த வரிசை மனத்தில் நின்றுவிட்டால் எதை முதலில் வாங்குவது, எதைப் பிறகு வாங்குவது என்ற குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஃபிரேம் கடைக்காரரிடம் இல்லாத ஒரு பலமும் ஸ்டூடியோக்காரரிடம் உண்டு. படத்தை நகலெடுக்க, திருத்த, மறுபடி அச்சிட நமக்குத் தெரியும். பழைய படத்தோடு வருகிற குடும்பத்துக்கு இந்த இரண்டு வேலையும் ஒரே கூரையின் கீழ் கிடைப்பது பெரிய ஆறுதல்.

முதலில் ஒரு பழைய படத்தைப் பிரியுங்கள்

கருவி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது இது. உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ கூடத்தில் முப்பது நாற்பது ஆண்டுகளாகத் தொங்கும் ஒரு படத்தை, வீட்டாரின் சம்மதத்தோடு இறக்கிக்கொள்ளுங்கள். பிரிப்பதற்கு முன், கண்ணாடியோடு இருக்கும் நிலையிலேயே ஒரு நல்ல நகல் எடுத்துவிடுங்கள். கேமரா படத்துக்கு நேர் இணையாக இருக்கட்டும். இருபுறமும் 45 டிகிரியில் ஒவ்வொரு விளக்கு வையுங்கள். லென்ஸ் அளவுக்குத் துளையிட்ட கறுப்புத் துணியைக் கேமராவுக்கு முன்னால் கட்டிவிட்டால் கண்ணாடியில் கேமராவின் பிம்பமும் நம் பிம்பமும் விழாது.

பிறகு பின்புறத்தைப் பாருங்கள். துருப்பிடித்த ஆணிகள், கருத்துப்போன ஹார்டுபோர்டு, அதற்கும் படத்துக்கும் நடுவே இடைவெளியை நிரப்ப மடித்து வைத்த செய்தித்தாள். அந்தச் செய்தித்தாள் தொட்டிருந்த இடமெல்லாம் படத்தின் பின்தாள் பழுப்பேறியிருக்கும். மலிவான மரக்கூழில் செய்த தாளிலும் ஹார்டுபோர்டிலும் இருக்கும் அமிலம் பக்கத்தில் உள்ள தாளுக்குள் ஊர்ந்துவிடும். அதன் தடம்தான் அந்தப் பழுப்பு.

அடுத்து முன்பக்கம். முன்னோர் படமாக இருந்தால் கீழ் விளிம்பை உற்றுப் பாருங்கள். கண்ணாடிக்குச் சந்தனம், குங்குமம் வைத்திருப்பார்கள். ஈரமான மாலையை நாள் முழுக்கத் தொங்கவிட்டிருப்பார்கள். அந்த நீர் கண்ணாடியில் வழிந்து சட்டத்தின் கீழ்க்காடியில் (கண்ணாடி அமரும் பள்ளத்தில்) தேங்கி, அங்கிருந்து படத்துக்குள் ஏறும். புகைப்படத்தின் மேற்பரப்பு ஜெலட்டின். ஈரம் பட்டால் இளகும், காயும்போது எதைத் தொட்டிருக்கிறதோ அதோடு ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியைத் தொட்டபடி பூட்டிய படங்களில் வேட்டியும் புடவைக் கரையும் கண்ணாடியோடு திட்டுத் திட்டாக ஒட்டிக்கிடப்பதற்கு இதுதான் காரணம். அப்படி ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், தண்ணீரில் ஊறவைக்கவும் வேண்டாம். கண்ணாடியோடு அப்படியே ஓர் அட்டைப் பெட்டியில் வைத்து வீட்டாரிடம் கொடுங்கள். நீங்கள் முன்பே எடுத்த நகலைத் திருத்தி அச்சிட்டுப் புதிய சட்டத்தில் போடுங்கள். மூலப்படத்துக்குக் கையால் வண்ணம் தீட்டியிருந்தால் இந்த எச்சரிக்கை இரண்டு மடங்கு.

ராமபாணப் பூச்சி அரித்த ஓட்டைகள், கரையான் மண், பூஞ்சை வட்டம் என்று இன்னும் பல தெரியும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘இதை எப்படித் தடுத்திருக்கலாம்’ என்று எழுதிவையுங்கள். உயர்தர ஃபிரேமுக்கான முழு விதிமுறையும் அந்தத் தாளில் வந்துவிடும்.

அட்டை, கண்ணாடி, சட்டம்

படத்தைச் சுற்றிச் சன்னல் போல வெட்டி வைக்கும் அட்டைக்கு மவுண்ட் என்று பெயர். அழகுக்காக வைப்பது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதன் முதல் வேலை படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே காற்றிடைவெளி கொடுப்பது. சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள மவுண்ட் போர்டு அதற்குப் போதும். வாங்கும்போது அமிலமற்ற போர்டு எனக் கேட்டு வாங்குங்கள். மேல்தாளுக்கு மட்டும் அந்தத் தரம் இருந்து நடுப்பகுதி சாதாரணக் கூழாக இருக்கும் போர்டுகளும் விற்கின்றன. அவற்றில் சாய்வாக வெட்டிய விளிம்பு சில ஆண்டுகளில் பழுப்புக் கோடாகிவிடும். மிக அரிய படங்களுக்குப் பருத்தி நாரில் செய்த போர்டு உண்டு. விலை அதிகம், ஓரிரண்டு தாள் மட்டும் இருப்பில் வைத்தால் போதும். நிறத்தில் வெள்ளை, தந்த வெள்ளை, சாம்பல், கறுப்பு ஆகிய நான்கோடு தொடங்குங்கள். படத்தில் இருக்கும் புடவை நிறத்துக்குப் பொருத்தமாகச் சிவப்பு மவுண்ட் கேட்பவர்கள் வருவார்கள். வைத்துக் காட்டுங்கள், தந்த வெள்ளையையும் பக்கத்தில் வையுங்கள். பெரும்பாலும் அவர்களே மாறிவிடுவார்கள்.

கண்ணாடிக்கு வருவோம். நம் ஊரில் 2 மி.மீ. சாதாரணக் கண்ணாடிதான் வழக்கம். சிறிய படங்களுக்கு அதுவே போதும். படத்தின் நிறம் மங்குவதில் புற ஊதாக் கதிருக்குப் பெரிய பங்கு உண்டு. அதைத் தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடிகளில் உயர்ந்தவை 99 சதவீதம் வரை தடுக்கின்றன. அதற்காக ‘இனி மங்கவே மங்காது’ என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மெதுவாக மங்கவைக்கும். சொரசொரப்பாக்கப்பட்ட மேட் கண்ணாடியும் பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சுள்ள கண்ணாடியும் வேறு வேறு. முன்னது வெளிச்சத்தைச் சிதறடித்துப் படத்தையும் கொஞ்சம் மந்தமாக்கும், மவுண்ட் வைத்துத் தூக்கினால் இன்னும் மங்கலாகத் தெரியும். பின்னது கண்ணாடி இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிவு. விலையும் அதற்கேற்ற உயரம்.

பெரிய படங்களில் எடையைக் கணக்கிடுங்கள். கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் 2.5 கிலோ. 24க்கு 36 அங்குலப் படத்துக்கு 3 மி.மீ. கண்ணாடி போட்டால் கண்ணாடி மட்டுமே 4 கிலோவைத் தாண்டும். அதே அளவு அக்ரிலிக் பிளாஸ்டிக் தகடு 2 கிலோதான், உடைந்து குழந்தைகள் மேல் விழும் பயமும் இல்லை. ஆனால் அக்ரிலிக் எளிதில் கீறும். தூசியை இழுக்கும். அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் பட்டால் கெடும். வெயிலுக்கு விரியவும் செய்யும். மூன்றடி நீளத் தகடு 20 டிகிரி வெப்ப வேறுபாட்டில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர் இது. காடிக்குள் இடைவெளி விடாமல் இறுக்கி வைத்த அக்ரிலிக் அப்போது நடுவில் வளைந்து படத்தைத் தொடும். மொத்தத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைத்து வெட்டச் சொல்லுங்கள்.

சட்டத்துக்கான மோல்டிங் ஒன்பது, பத்து அடி நீளக் குச்சிகளாக வரும். சிந்தெடிக், எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்தது), மரம், அலுமினியம் என்று வகைகள். சிந்தெடிக்கைத் தாழ்வாக நினைக்க வேண்டாம், கரையான் அண்டாது, ஈரத்தில் ஊதாது. எம்.டி.எஃப். ஈரச் சுவரில் ஊதிவிடும். தேக்கு எப்போதும் நம் மக்களின் மனத்துக்கு நெருக்கமானது. தொடக்கத்தில் ஆறு ஏழு வகை போதும்: மெலிந்த கறுப்பு, மெலிந்த வெள்ளை, தேக்கு, கருந்தேக்கு நிறம், அடக்கமான தங்கம், ஓர் ஆழமான பெட்டிச் சட்டம். ஐம்பது மாதிரியைச் சுவரில் மாட்டிவைத்தால் வாடிக்கையாளர் குழம்பித் தள்ளிப்போடுவார். நமக்கோ துண்டுக் குச்சிகளில் முதல் முடங்கும். வாங்கும்போது முகப்பை மட்டும் பார்க்காமல் காடியின் ஆழத்தை அளந்து பாருங்கள். கண்ணாடி, மவுண்ட், படம், பின்அட்டை எல்லாம் அந்த ஆழத்துக்குள் அடங்க வேண்டும்.

மொத்தக் கொள்முதலுக்குச் சென்னை பாரிமுனைப் பக்கம் தேவராஜ முதலி தெருவில் ஒரு நாள் சுற்றினால் விலையும் வகையும் பிடிபட்டுவிடும். குச்சிகளைப் பார்சல் லாரியில் போடும்போது கட்டுக்கு இருபுறமும் மரச்சட்டம் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். வளைந்து வந்த குச்சியை நிமிர்த்த முடியாது.

எந்தக் கருவி முதலில்

முதல் ஆறு மாதத்துக்கு மோல்டிங் அறுக்கும் வேலையைக் கடைக்குள் கொண்டுவராதீர்கள் என்பது என் அழுத்தமான கருத்து. அறுவை இயந்திரத்துக்கு இடம் வேண்டும், தூசி பறக்கும். கேமராவும் பிரிண்டரும் இருக்கும் அறைக்கு மரத்தூள் பகை. நல்ல மூலை போடுகிற ஒருவரிடம் அளவு கொடுத்துச் சட்டத்தை மட்டும் இணைத்து வாங்குங்கள். மவுண்ட் வெட்டுவது, படத்தைப் பொருத்துவது, பூட்டுவது ஆகிய மூன்றும் உங்கள் கையில் இருக்கட்டும். உயர்தரத்தின் முக்கால் பங்கு என்று சொன்னது இந்த மூன்றைத்தான்.

இதற்கு வேண்டியவை: சாய்வெட்டுப் போடும் மவுண்ட் கட்டர், நீளமான எஃகு அளவுகோல், மூலைமட்டம், பின்அட்டை நழுவாமல் பிடிக்கும் சிறு தகட்டு முனைகளை அடிக்கும் துப்பாக்கி, தூசி ஊதும் பல்ப், பருத்திக் கையுறை, அமிலமற்ற ஒட்டுப்பட்டை, பழுப்புத் தாள், வளையக் கொக்கிகள், கம்பி. இவற்றோடு கம்பளியோ தடித்த துணியோ விரித்த ஒரு பெரிய மேசை. படுக்கவைத்துக் கவிழ்த்துப் புரட்ட இடமில்லாத மேசையில் நல்ல வேலை நடக்காது.

வேலை பெருகியபின் 45 டிகிரி அறுக்கும் ரம்பமும், மூலையில் வி வடிவ ஆணியை அடியிலிருந்து ஏற்றும் இயந்திரமும் வாங்கலாம். அப்போது ஒரு கணக்கை மறக்கக் கூடாது. ஒரு சட்டத்துக்கு எட்டு வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் அரை டிகிரி தவறினால் மூன்று மூலையை இறுக்கி மூடியபின் நான்காவதில் 4 டிகிரி வாய் பிளக்கும். எதிரெதிர்ப் பக்கங்கள் மயிரிழையும் மாறக் கூடாது. இரண்டையும் சேர்த்துப் பிடித்து விரலால் தடவினால் கண்ணுக்குத் தெரியாத வேறுபாடும் விரலுக்குத் தெரியும். வெளியே கொடுத்து வாங்கும் சட்டத்தையும் இப்படியே சோதியுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மூலையில் கீற்றாக வெளிச்சம் வந்தால் திருப்பி அனுப்புங்கள். மெழுகு வைத்து அடைத்த மூலை அடுத்த கோடையில் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு படத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை

12க்கு 18 அங்குலத் திருமணப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அச்சிடும் கோப்பு அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 3600க்கு 5400 இருந்தால் நல்லது. இங்க்ஜெட்டில் அச்சிட்டால் குறைந்தது ஒரு முழு நாள் ஆறவிடுங்கள். மையின் ஈரம் முழுதும் போகாமல் பூட்டினால் கண்ணாடியின் உட்புறம் புகைபோல் படியும்.

மவுண்டின் சன்னல் படத்தை நாலு பக்கமும் கால் அங்குலம் மறைக்க வேண்டும். ஆகவே சன்னல் 11.5க்கு 17.5. ஓரம் மேலும் பக்கங்களிலும் 3 அங்குலம், கீழே மட்டும் 3.5. கீழே கொஞ்சம் கூடுதலாக விடாவிட்டால் படம் சரிந்து இறங்குவது போலக் கண்ணுக்குத் தோன்றும். மொத்த அளவு 17.5க்கு 24. மோல்டிங் எவ்வளவு வேண்டும்? நான்கு பக்கங்களின் கூட்டுத்தொகை, அதோடு மோல்டிங் அகலத்தின் எட்டு மடங்கு. ஒன்றரை அங்குல மோல்டிங் என்றால் 83, அதோடு 12, ஆக 95 அங்குலம். ஏறத்தாழ 8 அடி. அறுவைச் சேதமும் குச்சியின் அடிபட்ட முனையும் கழித்தால் ஒரு குச்சி முழுதும் இந்த ஒரு படத்துக்கே போய்விடும். விலை போடும்போது 8 அடிக்கு மட்டும் கணக்கிடுகிறவர்கள் மீதித் துண்டைத் தம் கைக்காசில் வாங்குகிறார்கள்.

மவுண்டைப் பின்புறமிருந்து வெட்ட வேண்டும். கோடுகளைப் பென்சிலால் மெல்லியதாக இழுங்கள். அடியில் ஒரு பழைய போர்டுத் துண்டு வையுங்கள், பிளேடு அதற்குள் கொஞ்சம் இறங்கினால்தான் வெட்டு சுத்தமாக விழும். ஒரே சீராக, நிறுத்தாமல் இழுங்கள். மூலையில் கோட்டைக் கடந்து ஒரு மில்லிமீட்டர் போனால் சன்னல் துண்டு தானாகக் கழன்று விழும். அதற்கு மேல் போனால் முகப்பில் கீறல் தெரியும், குறைந்தால் மூலையில் நார் தொங்கும். நார் தொங்கினால் பிடித்து இழுக்காமல் தனிப் பிளேடால் அதே சாய்வில் விடுவியுங்கள். பிளேடு மலிவு, போர்டு விலை அதிகம். மூன்று நான்கு மவுண்டுக்கு ஒருமுறை பிளேடை மாற்றத் தயங்காதீர்கள். சாய்வெட்டு விளிம்பைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். வெண்ணிறத்தில் வழவழப்பாகத் தெரிய வேண்டும், பூ பூவாகப் பிய்ந்திருந்தால் பிளேடு மழுங்கிவிட்டது.

படத்தைப் பின்அட்டையில் நிறுத்துவதற்கு நான் பரிந்துரைப்பது மூலைப் பைகள். அமிலமற்ற தாளில், மவுண்ட் மறைக்கும் ஓரத்துக்குள் பை அடங்கும்படி ஒரு குறுகிய பட்டை எடுத்து இரு முனைகளையும் கீழ்நோக்கி மடித்தால் முக்கோணப் பை கிடைக்கும். படத்தின் நான்கு மூலைகளையும் அவற்றில் செருகி, பைகளை மட்டும் பின்அட்டையில் ஒட்டுங்கள். படத்தின் மீது பசை ஒரு துளியும் படாது. மழைக்காலத்தில் தாள் விரியவும் கோடையில் சுருங்கவும் இரண்டு மில்லிமீட்டர் தளர்வு விடுங்கள். பைகள் மவுண்டுக்கு அடியில் மறைந்துவிடும். செல்லோ டேப் எந்த நிலையிலும் கூடாது. அதன் பசை மஞ்சளாகிப் படத்துக்குள் இறங்கும். இருபுறப் பசை டேப்பும் அப்படித்தான். ஓவியம், கையெழுத்துத் தாள் போன்றவற்றுக்குக் கோதுமை மாவுச்சத்துப் பசையும் ஜப்பானியத் தாளும் கொண்டு கீல் போடுவது உலகெங்கும் உள்ள காப்பாளர்கள் செய்யும் முறை. பழகியபின் கற்றுக்கொள்ளலாம்.

இனிப் பூட்டுவது. கண்ணாடியின் இரு முகத்தையும் துடையுங்கள். துடைப்பானைத் துணியில் தெளியுங்கள், கண்ணாடி மேல் தெளிக்காதீர்கள். காய்ந்தபின் மவுண்டோடு சேர்த்துத் தூக்கிப் பக்கவாட்டு வெளிச்சத்தில் தூசி பாருங்கள். ஊதி எடுத்தபின் கண்ணாடி, மவுண்ட், படம், அமிலமற்ற தடுப்புத் தாள், பின்அட்டை எல்லாவற்றையும் ஓர் அடுக்காக்கி, ஓரத்தைச் சுற்றிலும் காகித டேப்பால் மூடுங்கள். ராமபாணத்துக்கும் தூசிக்கும் இதுதான் வாசல் கதவு. சட்டத்துக்குள் இறக்கி, கை அகல இடைவெளியில் தகட்டு முனைகளை அடியுங்கள். பழுப்புத் தாளால் பின்புறத்தை மூடி, கீழ் மூலைகள் இரண்டிலும் ரப்பர் பொட்டு ஒட்டுங்கள். படத்துக்கும் சுவருக்கும் நடுவே காற்று ஓட அந்தப் பொட்டு போதும்.

நம் பக்கத்தில் என்னென்ன வரும்

வட ஆற்காட்டுக்கென்று சில வேலைகள் உண்டு. வேலூர் வட்டாரத்தில் ராணுவத்தில் பணியாற்றியவர்கள் ஏராளம். கம்மவான்பேட்டை போன்ற ஊர்கள் அதற்கே பெயர் பெற்றவை. பதக்கங்களையும் சீருடைப் படத்தையும் ஒரே சட்டத்தில் போட்டுத்தரக் கேட்பார்கள். அதற்கு ஒன்றரை அல்லது இரண்டு அங்குல ஆழப் பெட்டிச் சட்டம் வேண்டும். பதக்கத்தை ஒட்டக் கூடாது. பருத்தித் துணி போர்த்திய அட்டையில் ரிப்பனின் மேற்பகுதியை நூலால் தைத்து நிறுத்துங்கள். கம்பளித் துணி வேண்டாம், அதில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கருக்கிவிடும். பதக்கங்களின் வரிசைக்கு முறை உண்டு. அழகுக்காக மாற்றாமல், அணிந்த வரிசையை அவரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ‘மெருகு போடட்டுமா ஐயா’ என்று கேட்காமல் தேய்த்துவிடவும் கூடாது. சிலருக்கு அந்தப் பழமைதான் பெருமை.

வி.ஐ.டி. பட்டம் பெற்ற பிள்ளைகளின் பெற்றோர் சான்றிதழைச் சட்டம் போடக் கேட்பார்கள். மூலச் சான்றிதழ் வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் மறுபடி மறுபடி தேவைப்படும். ஸ்கேன் செய்து நல்ல தாளில் அச்சிட்ட நகலைச் சட்டத்தில் போட்டு, மூலத்தை உறையில் வைத்துத் திருப்பிக் கொடுங்கள். லேமினேஷன் செய்துதரச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

பழைய பள்ளிக்கூடக் குழுப் படங்கள் தனி வகை. 1989-இல் மாவட்டம் பிரிவதற்கு முன் எடுத்தவற்றில் அட்டையிலேயே ஊரும் ‘வட ஆற்காடு’ என்ற பெயரும், மாணவர்களின் பெயர் வரிசையும், எடுத்த ஸ்டூடியோவின் முத்திரையும் இருக்கும். அட்டை அழுக்காக இருக்கிறது, வெட்டிவிடுங்கள் என்பார்கள். வெட்டாதீர்கள். சன்னலை அகலமாக எடுத்து அட்டையும் தெரியும்படி வையுங்கள். பெயர் வரிசை போய்விட்டால் அந்தப் படத்தில் இருப்பவர்களை அடுத்த தலைமுறை எப்படி அடையாளம் காணும்?

ஆரணிப் பட்டில் எடுத்த திருமணப் புடவையின் முந்தானைத் துண்டு, ஆழமான காடி தேவைப்படும் தஞ்சாவூர் ஓவியம், இவையும் வரும். இரண்டிலும் கண்ணாடி பொருளைத் தொடக் கூடாது என்பதே தலையாய விதி.

விலை சொல்வது

அடக்க விலையை நான்காகப் பிரியுங்கள்: மோல்டிங், கண்ணாடி, போர்டுகளும் சில்லறைப் பொருள்களும், உழைப்பு. உழைப்பை மணிக் கணக்கில் போடுங்கள். மேலே சொன்ன படத்துக்குப் பழகிய கைக்கு ஒரு மணிக்கு மேல் ஆகும். உதாரணமாக மோல்டிங் 1,000, கண்ணாடி 300, போர்டும் மற்றதும் 450, உழைப்பு 400 என்று வைத்தால் அடக்கம் 2,150. இதன்மேல் வாடகை, மின்சாரம், உடையும் கண்ணாடி, வீணாகும் போர்டு, பிறகு லாபம். குறைந்தது 3,500 வாங்காவிட்டால் இந்த வேலையை எடுப்பதில் பொருளில்லை. எண்கள் கணக்கு விளங்குவதற்காகச் சொன்னவை, உங்கள் கொள்முதல் விலையைப் போட்டுப் பாருங்கள். ஜி.எஸ்.டி. சதவீதத்தை உங்கள் கணக்காளரிடம் கேட்டுவிட்டுப் பட்டியலை அச்சிடுங்கள்.

பேரம் வரும். வயதான அம்மா ஒருவர், “பஜாரில் எண்ணூறு ரூபாய்க்குப் போட்டுத் தருகிறார்கள், தம்பி” என்பார். அந்தக் கடையைக் குறை சொல்லாதீர்கள். பிரித்த பழைய படத்தின் பழுப்பேறிய பின்அட்டையையும், சாய்வெட்டுப் போட்ட புது மவுண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “அம்மா, இது உங்கள் மாமனாரின் ஒரே படம். இதைத் தொடப்போகும் அட்டை இது, அது இல்லை” என்று காட்டுங்கள். மூலப்படத்துக்கு உயர்ந்த வேலை, பிள்ளைகள் வீட்டுக்கு நகல் எடுத்து எளிய சட்டம் என்று இரண்டு விலையும் சொல்லுங்கள். பணம் இல்லாதவரை வெறுங்கையோடு அனுப்ப வேண்டியதில்லை. சிந்தெடிக் சட்டமும் சாதாரணக் கண்ணாடியும் போட்டாலும், உள்ளே இருக்கும் அட்டையில் மட்டும் குறைக்காமல் செய்து கொடுங்கள்.

படம் கைக்கு வந்த உடனே அதன் முன்னும் பின்னும் செல்பேசியில் படமெடுத்து, ஏற்கெனவே இருந்த கிழிசல், கறை எல்லாவற்றையும் ரசீதில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மோல்டிங் எண், மவுண்ட் நிறம், கண்ணாடி வகை, ஓர அளவு, முன்பணம், தரும் தேதி எல்லாம் அதே ரசீதில் இருக்கட்டும். வேறு ஸ்டூடியோ எடுத்த படத்தை நகலெடுக்கும்போது ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவருடையது. குடும்பத்தார் தங்கள் பழைய திருமணப் படத்துக்கு நகல் கேட்டால் தயங்க வேண்டியதில்லை.

வீட்டில் மாட்டிக் கொடுப்பது

பெரிய படங்களை நீங்களே போய் மாட்டிக் கொடுங்கள், அதற்குத் தனிக் கட்டணமும் வாங்குங்கள். மேற்குப் பார்த்த வெளிச்சுவர் மாலை வரை கொதிக்கும், அதன் உட்புறம் நல்ல படத்துக்கு ஏற்றதல்ல. குளியலறைக்கு அடுத்த சுவரும் ஐப்பசி, கார்த்திகையில் ஓதம் ஏறும் சுவரும் அப்படியே. பழைய சுண்ணாம்புக் கட்டுச் சுவரில் ஆணி பிடிக்காது. துளையிட்டு நீளமான பிளக் வைத்துத் திருகாணி ஏற்றுங்கள். இரண்டடிக்கு மேல் அகலமான படத்துக்கு இரண்டு கொக்கி போட்டு, ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள். கம்பியைச் சட்டத்தின் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் கட்டினால் படம் முன்னால் கவிழாது.

முன்னோர் படங்களை நம் வீடுகளில் நிலைவாசலுக்கு மேலே, கொஞ்சம் முன்சாய்வாக மாட்டுவது வழக்கம். அந்தச் சாய்வில் கண்ணாடியில் விளக்கு தெரியாது, நிற்பவரை நோக்கி முகம் தெரியும். வழக்கம் நல்லது, அதை மாற்றச் சொல்லாதீர்கள். எடையைத் தாங்கும்படி கீழே இரண்டு தாங்கு கொக்கிகள் மட்டும் சேர்த்துவிடுங்கள். மாலை போடுகிறவர்களிடம், சட்டத்துக்கு இரண்டு அங்குலம் வெளியே சுவரிலேயே இரண்டு சிறு ஆணி அடித்து மாலையை அவற்றில் தொங்கவிடச் சொல்லுங்கள். ஈரப்பூவின் நீர் கண்ணாடியில் வழியாது. பொட்டு வைக்கிறவர்கள் சட்டத்தின் மேல்பகுதியில் வைக்கலாம். கண்ணாடியில்தான் வைக்க வேண்டும் என்றால் காய்ந்த சந்தனத்தை உலர்ந்த துணியால் துடைக்கச் சொல்லுங்கள், தண்ணீர் தொட்டுத் துடைக்க வேண்டாம்.

பின்புறத் தாளில் கடையின் பெயர், பூட்டிய மாதமும் ஆண்டும், போட்ட போர்டு மற்றும் கண்ணாடியின் வகை, படத்தில் இருப்பவர்களின் பெயர் ஆகியவற்றை எழுதிய ஒரு சீட்டு ஒட்டுங்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கொண்டுவந்தால் பின்தாளை மாற்றி, கம்பியைச் சோதித்து, துடைத்துத் தருவதாக அதிலேயே எழுதிவிடலாம்.